சைட்டில் பயிற்சிக்குப் போயும் யாரும் வேலை தராதபோது என்ன செய்வது?

உங்கள் கேள்வியை என் சொற்களில் ஒருமுறை சொல்லிப் பார்க்கிறேன். சிவில் இன்ஜினியரிங் மூன்றாம் ஆண்டு படிக்கிறீர்கள். கல்லூரி மூன்று மாதத் தொழிற்பயிற்சிக்காக ஓர் அடுக்குமாடிக் கட்டட வேலைக்கு அனுப்பியிருக்கிறது. மூன்று வாரம் முடிந்துவிட்டது. காலையில் வருகைப் பதிவில் கையெழுத்துப் போடுகிறீர்கள், மாடி மாடியாக ஏறி இறங்குகிறீர்கள், யாரைக் கேட்டாலும் ‘பார்த்துக் கத்துக்கோ’ என்கிறார்கள். இப்படியே போனால் வீண்தானே, ஒரு டிசைன் அலுவலகத்துக்கு மாற்றிக்கொள்ளலாமா, கடைசியில் அறிக்கையில் எதை எழுதுவது என்று முக்கியமாக மூன்று கேள்விகள் கேட்டிருக்கிறீர்கள். மூன்றுக்கும் அடியில் ஒரே கேள்விதான் இருப்பதாக எனக்குப் படுகிறது: கற்றுக்கொடுக்கும் கடமை யாருக்கும் இல்லாத இடத்தில் ஒருவர் எப்படிக் கற்றுக்கொள்வது?

இருபது வருடங்களுக்கு மேலாகக் கட்டட வேலைகளில் இருக்கிறேன். பயிற்சி மாணவனாக நின்றிருக்கிறேன், பிறகு பயிற்சி மாணவர்களை என் சைட்டில் வைத்தும் இருக்கிறேன். என் அனுபவம் பெரும்பாலும் கான்கிரீட் கட்டடங்களில்தான். சாலை, சுரங்கப்பாதை, துறைமுக வேலைகளில் இருப்பவர்கள் சிலவற்றை வேறு மாதிரி சொல்லலாம்.

முதலில், ஏன் யாரும் வேலை தருவதில்லை என்று பாருங்கள். சைட் இன்ஜினியருடைய ஒரு நாளை நினைத்துக்கொள்ளுங்கள். கான்கிரீட் வண்டி எப்போது வரும், கம்பி கட்ட இன்று எத்தனை பேர் வந்திருக்கிறார்கள், நேற்று கேட்ட டிராயிங் வந்ததா, மாதக் கடைசி பில் தயாரா என்பதுதான் அவர் தலையில் ஓடும். அந்த நேரத்தில் உங்களிடம் ஒரு வேலையைக் கொடுத்தால், முதலில் அதை விளக்க வேண்டும், பிறகு அதைச் சரிபார்க்க வேண்டும். தானே செய்தால் பத்து நிமிடம், உங்களிடம் கொடுத்தால் நாற்பது நிமிடம். மூன்று மாதத்தில் நீங்கள் போய்விடுவீர்கள் என்பதும் அவருக்குத் தெரியும். உங்களுக்கு அடிபட்டால் அவர்தான் பதில் சொல்ல வேண்டும் என்ற கவலையும் உண்டு. இதில் உங்களைப் பற்றிய அலட்சியம் எதுவும் இல்லை. ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். கல்லூரிப் படிப்பையும் தொழில் வேலையையும் மாற்றி மாற்றிச் செய்யும் முறையை 1906ல் சின்சினாட்டி பல்கலைக்கழகத்தில் ஹெர்மன் ஷ்னைடர் 27 மாணவர்களோடு தொடங்கினார். அந்த மாணவர்கள் வேலைக்காரர்களாகவே போனார்கள், சம்பளம் வாங்கினார்கள். ஓரமாக நின்று பார்ப்பதுதான் பயிற்சி என்பது பின்னால் வந்து ஒட்டிக்கொண்ட வழக்கம். அதை நீங்கள் ஏற்க வேண்டியதில்லை.

இனி என் பதில். சைட்டில் ஏதாவது ஒரு எண்ணுக்குப் பொறுப்பு எடுத்துக்கொள்ளுங்கள். நீங்கள் ஒருநாள் வராவிட்டால் ‘அந்தக் கணக்கு எங்கே?’ என்று யாராவது தேட வேண்டும். அது எவ்வளவு சின்ன எண்ணாக இருந்தாலும் பரவாயில்லை. ‘சார், எனக்கு ஏதாவது வேலை கொடுங்க’ என்று கேட்காதீர்கள். அப்படிக் கேட்டால் உங்களுக்காக ஒரு வேலையை யோசிக்கும் வேலையை அவர் தலையில் ஏற்றுகிறீர்கள். ‘சார், நாளைக்கு ஸ்லாப் கான்கிரீட்டுக்கு ஸ்லம்ப் நான் எடுத்து எழுதறேன், முதல் வண்டிக்கு மட்டும் கூட நின்னு பாருங்க’ என்று கேளுங்கள். வேலையும் நேரமும் தெளிவு, அவருக்கு எவ்வளவு சிரமம் என்பதும் தெளிவு. இப்படிக் கேட்ட மாணவர் யாரையும் நான் மறுத்ததாக நினைவில்லை.

ஸ்லம்ப் என்பது கூம்பில் நிரப்பிய கலவை, கூம்பைத் தூக்கியதும் எவ்வளவு சரிகிறது என்ற இளக்க அளவு. கியூப் என்பது அதே கலவையில் வார்த்து, 28 நாள் இறுகவிட்டு, உடைத்து வலிமை பார்க்கும் கட்டி. இவற்றை முதலில் சொல்ல ஒரு காரணம் உண்டு. புத்தகத்தில் படித்ததும் கண்ணால் பார்ப்பதும் மிக நேராகப் பொருந்துகிற இடம் அது. 300 மில்லிமீட்டர் உயரக் கூம்பு, மேலே 100, கீழே 200 விட்டம், மூன்று அடுக்கு, அடுக்குக்கு 25 குத்து என்பதை எல்லோரும் தேர்வில் எழுதியிருப்பீர்கள். சைட்டில் நின்றால்தான் அதற்கு மேல் உள்ளது புரியும். வண்டி வழியில் மாட்டிக்கொண்டு ஒன்றரை மணி நேரம் தாமதமாக வந்திருக்கும், கலவை இறுகியிருக்கும், பம்ப் ஓட்டுபவர் ‘கொஞ்சம் தண்ணி விடுங்க’ என்பார். தண்ணீர் விட்டால் கலவை இளகும், ஸ்லம்ப் ஏறும், எல்லோர் முகமும் மலரும். தண்ணீர்-சிமென்ட் விகிதம் கூடினால் வலிமை குறையும் என்று டஃப் ஆப்ரம்ஸ் 1918லேயே காட்டிவிட்டார், அது உங்களுக்கும் தெரியும். ஆனால் அந்த வண்டிக்குப் பக்கத்தில் நின்று, யார் என்ன சொன்னார்கள், இன்ஜினியர் தண்ணீர் விட வேண்டாம் என்று தடுத்தாரா, இளக்கத்துக்கு ரசாயனக் கலவை சேர்த்தார்களா, வண்டியைத் திருப்பி அனுப்பினார்களா என்று குறித்து வையுங்கள். 28 நாள் கழித்து அந்த வண்டியின் கியூப் உடையும்போது உங்கள் குறிப்பும் அந்த முடிவும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும். எந்த வகுப்பிலும் அது கிடைக்காது.

கியூப் உடைப்பதையும் நேரில் போய்ப் பாருங்கள். 150 மில்லிமீட்டர் கியூப், அதாவது 22,500 சதுர மில்லிமீட்டர் பரப்பு. சதுர மில்லிமீட்டருக்கு 30 நியூட்டன் என்றால் 675 கிலோநியூட்டன், ஏறக்குறைய 69 டன் எடை. இரண்டு கையில் தூக்கிவந்த அந்தக் கல் அவ்வளவையும் தாங்கிவிட்டுத்தான் உடைகிறது என்பதைப் பார்த்தபின் ‘எம் 30’ என்ற கான்கிரீட் தரம் உங்களுக்கு வெறும் பெயராக இருக்காது. சில நாடுகளில் கியூபுக்குப் பதில் உருளை வைத்துச் சோதிப்பார்கள். உருளையில் வரும் எண் சற்றுக் குறைவாக இருக்கும் என்பதால் இரண்டையும் குழப்பிக்கொள்ளாதீர்கள்.

அடுத்து அளவுக் கணக்கு. இதை நான் எல்லா மாணவர்களுக்கும் கொடுப்பேன். 12 மீட்டருக்கு 8 மீட்டர் ஸ்லாப், அதாவது மாடித் தளம், 150 மில்லிமீட்டர் தடிமன் என்று வைத்துக்கொள்வோம். பீமை விட்டுவிட்டால் 14.4 கன மீட்டர். வண்டிச் சீட்டுகளைக் கூட்டினால் 15.6 வருகிறது. அந்த 1.2 கன மீட்டர் எங்கே போனது? ‘வேஸ்டேஜ்’ என்று எல்லோரும் சொல்வார்கள். அதோடு நிறுத்தாதீர்கள். 96 சதுர மீட்டர் பரப்பில் 10 மில்லிமீட்டர் தடிமன் கூடினாலே 0.96 கன மீட்டர் போய்விடும். பம்ப் குழாயில் தங்கியது கொஞ்சம், கான்கிரீட்டைப் பிடித்து நிறுத்தும் ஷட்டரிங் பலகைகளின் இடுக்கில் கசிந்தது கொஞ்சம். ஸ்லாப் உண்மையிலேயே 10 மில்லிமீட்டர் கூடியிருந்தால் அது காசுக் கணக்கோடு முடியாது. கிட்டத்தட்ட 2.4 டன் கூடுதல் எடை அந்த மாடியில் நிரந்தரமாக உட்கார்ந்துவிட்டது. ஏன் கூடியது? சென்ட்ரிங் பலகை நடுவில் தாழ்ந்ததா, லெவல் குறி தவறா, மட்டப்பலகை இழுத்தவர் கையில் பிசகா? இதைக் கண்டுபிடிக்க மட்டம் பார்க்கும் கருவியான ஆட்டோ லெவலை நீங்கள் கையில் எடுக்க வேண்டியிருக்கும், சென்ட்ரிங் ஆட்களோடு பேச வேண்டியிருக்கும், டிராயிங்கைத் திரும்பப் பார்க்க வேண்டியிருக்கும். ஒரே ஒரு எண்ணைத் துரத்திப் போனால் பாதி சைட் உங்களுக்குத் திறந்துவிடும். எண்ணுக்குப் பொறுப்பெடுங்கள் என்று நான் சொல்வதற்கு இதுதான் காரணம்.

டிராயிங் பதிவேடும் நல்ல இடம். பார்க்க அலுப்பூட்டும் குமாஸ்தா வேலைபோல இருக்கும், அதனால்தான் யாரும் சீண்டுவதில்லை. என் சைட்டுக்கு வந்த ஒரு மாணவி, அலுவலகத்தில் எந்தத் திருத்தப் பதிப்பு இருக்கிறது, கீழே கம்பி கட்டுபவர்கள் கையில் எது இருக்கிறது என்று தினமும் ஒப்பிட்டு எழுதிவந்தார். நான் சொல்லித் தொடங்கியதில்லை, அவரே ஆரம்பித்தார். மூன்றாவது வாரம் ஒரு மாலை ஓடிவந்து, தூணுக்கு அவர்கள் வைத்திருப்பது பழைய தாள், புதியதில் மூலைக் கம்பி 16லிருந்து 20 மில்லிமீட்டர் ஆகியிருக்கிறது என்றார். போய்ப் பார்த்தோம். நான்கு தூண்களுக்குப் பழைய கம்பி கட்டி முடித்து, மறுநாள் ஷட்டரிங் அடைக்க இருந்தார்கள். அன்று இரவே அவிழ்த்து மாற்றினோம். அவர் கணக்குப் போட்டுக் கண்டுபிடிக்கவில்லை. இரண்டு தாள்களின் ஓரத்தில் இருந்த எண்களை ஒப்பிட்டார், அவ்வளவுதான். அதன் பிறகு அவரை யாரும் ‘பார்த்துக் கத்துக்கோ’ என்று அனுப்பவில்லை. அவரைக் கேட்காமல் கம்பி வெட்டவே மாட்டேன் என்றார் ஃபோர்மேன்.

ஃபோர்மேன், மேஸ்திரி, கம்பி கட்டுபவர்கள், சென்ட்ரிங் ஆட்கள் இவர்களிடம் எப்படிப் பழகுகிறீர்கள் என்பதில் உங்கள் பயிற்சியின் பாதி இருக்கிறது. இன்ஜினியர் படிப்பு என்ற நினைப்பைக் கொஞ்சம் இறக்கி வைத்துவிட்டுப் போங்கள். ‘அண்ணே, இந்த ரிங்கை ஏன் இங்கே மட்டும் நெருக்கமா வைக்கிறீங்க?’ என்று, கம்பிகளைச் சுற்றிக் கட்டும் வளையத்தைக் காட்டி ஒரு கம்பி கட்டுபவரைக் கேட்டுப் பாருங்கள். ‘டிராயிங்ல அப்படித்தான் தம்பி இருக்கு’ என்பார் ஒருவர். தூணோடு பீம் சேரும் இடத்தில் விசை அதிகம் என்று தன் பாஷையில் சொல்வார் இன்னொருவர். இரண்டு பதிலுமே உங்களுக்குப் பயன்படும். நீங்களும் பதிலுக்கு ஏதாவது கொடுங்கள். கம்பி விட்டத்தின் வர்க்கத்தை 162ஆல் வகுத்தால் மீட்டருக்கு எத்தனை கிலோ என்று வரும் என்பது சைட்டில் எல்லோருக்கும் மனப்பாடம். 12 மில்லிமீட்டருக்கு 0.89, 20 மில்லிமீட்டருக்கு 2.47. அந்த 162 எங்கிருந்து வந்தது என்று கேட்டால் பலருக்குத் தெரியாது. எஃகின் அடர்த்தி 7850, வட்டப் பரப்பின் சூத்திரம் இரண்டையும் பெருக்கி ஒரு தாளில் காட்டினால், முப்பது வருடமாக அந்த எண்ணைப் பயன்படுத்திய மேஸ்திரி சந்தோஷப்படுவதைப் பார்த்திருக்கிறேன். வேலை மும்முரத்தில் மட்டும் கேள்வி கேட்காதீர்கள். கான்கிரீட் ஓடும்போது, கிரேன் தூக்கும்போது வாயைத் திறக்கக் கூடாது. குறித்து வைத்துக்கொண்டு இடைவேளையில் கேளுங்கள்.

இனி சொல்வதை நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்ல வேண்டும். பொறுப்பெடுத்தால் கையெழுத்து வரும். பார்க்காததற்குக் கையெழுத்துப் போடாதீர்கள். என் பயிற்சிக் காலத்தில் ஒரு பீமுக்கு ‘கவர் பிளாக் சரி’ என்ற கட்டத்தில் நான் டிக் அடித்தேன். கம்பி பலகையைத் தொடாமல் இருக்க அடியில் வைக்கும் சின்னக் கட்டைதான் கவர் பிளாக். ஃபோர்மேன் ‘எல்லாம் வச்சாச்சு’ என்றார், நான் குனிந்து பார்க்கவில்லை. ஷட்டரிங் பிரித்தபோது பீமின் அடியில் ஒரு முழ நீளத்துக்குக் கம்பி வெளியே தெரிந்தது. இன்ஜினியர் என்னைத் திட்டவில்லை. உளியால் கொத்திச் சரிசெய்யும் இரண்டு நாளும் அங்கேயே நிற்கச் சொன்னார். அந்தத் தாளில் என் கையெழுத்து இருந்தது. இன்றுவரை பீமுக்கு அடியில் டார்ச் அடித்துப் பார்க்காமல் நான் எதிலும் கையெழுத்துப் போடுவதில்லை.

இதைவிடக் கடினமான ஒன்றும் வரலாம். செய்யாத சோதனைக்கு முடிவு எழுதச் சொல்வார்கள். 28 நாள் ஆவதற்கு முன்பே 28 நாள் முடிவை நிரப்பி வைத்த பதிவேடுகளை என் கண்ணால் பார்த்திருக்கிறேன். பயிற்சி மாணவரின் கையெழுத்து அழகாக இருக்கிறது என்று அவரிடம் எழுதக் கொடுப்பார்கள். ‘நான் இந்தச் சோதனையில் இல்லை, எழுத முடியாது’ என்று மரியாதையாகச் சொல்லிவிடுங்கள். அன்றைக்கே உங்கள் கல்லூரி வழிகாட்டிக்கு என்ன நடந்தது என்று எழுதி அனுப்பிவிடுங்கள். வாய்வார்த்தையாக விட்டுவிடாதீர்கள். மதிப்பெண்ணுக்குப் பயமாக இருக்கும் என்று எனக்குத் தெரியும். ஆனால் அந்தப் பதிவேட்டை நம்பி அடுத்த மாடி ஏற்றுவார்கள், அதற்குள் மனிதர்கள் குடியிருப்பார்கள். இதில் விட்டுக்கொடுக்க என்னால் சொல்ல முடியாது.

பாதுகாப்பைப் பற்றி அதிகம் எழுதவில்லை, ஏனென்றால் முதல் நாளே உங்களுக்குச் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை என்றால் நீங்களே கேளுங்கள். ஓரிரண்டு விஷயங்களை மட்டும் அழுத்திச் சொல்கிறேன், புதியவர்கள் அவற்றில்தான் மாட்டுகிறார்கள். தரையில் கிடக்கும் பிளைவுட் துண்டை மிதிக்காதீர்கள், அதற்கடியில் லிஃப்ட் குழியோ குழாய் போகும் திறப்போ இருக்கலாம். பக்கச் சுவர்களுக்கு முட்டுக் கொடுக்காத ஆழமான பள்ளத்தில் அளவெடுக்க இறங்காதீர்கள், யார் சொன்னாலும் சரி. ஒரு கன மீட்டர் மண் ஒன்றரை டன்னுக்கு மேல் இருக்கும், மார்பு வரை மூடினாலே மூச்சுவிட முடியாது. மூடிக் கிடந்த தொட்டிக்குள் தலையை விட்டுப் பார்க்காதீர்கள், உள்ளே இருக்கும் காற்று எப்படிப்பட்டது என்று பார்த்தால் தெரியாது. அப்புறம், பயிற்சிக் காலத்தில் அடிபட்டால் காப்பீடு யாருடையது, கல்லூரியா நிறுவனமா என்பதை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். பல மாணவர்கள் இதைக் கேட்பதே இல்லை.

சரி, டிசைன் அலுவலகத்துக்கு மாறலாமா? இதில் உறுதியாகத் தெரிந்தது ஒன்று, என் கருத்து ஒன்று, இரண்டையும் பிரித்துச் சொல்கிறேன். ஒரு தூணோ ஸ்லாபோ கம்பி கட்டத் தொடங்கி, ஷட்டரிங் அடைத்து, கான்கிரீட் போட்டு, பிரித்து, நீராற்றி, 28 நாள் முடிவு வர ஐந்தாறு வாரம் ஆகும். அதற்குக் குறைந்த பயிற்சியில் ஓர் உறுப்பின் முழு வாழ்க்கையையும் நீங்கள் பார்க்க முடியாது. இது வெறும் நாட்கணக்கு. உங்களுக்கு இன்னும் ஒன்பது வாரம் இருக்கிறது. இப்போது மாறினால் இரண்டு இடத்திலும் பாதிப் பாதிதான் கிடைக்கும். இனிச் சொல்வது என் கருத்து: முதல் பயிற்சி சைட்டில் இருக்கட்டும், இரண்டாவது வாய்ப்பு வந்தால் அலுவலகத்துக்குப் போங்கள். பீமும் தூணும் சேரும் இடத்தில் கம்பிகள் எப்படி நெரிசலாக முட்டிக்கொள்கின்றன, கான்கிரீட்டை அதிர்த்து அமுக்கும் வைப்ரேட்டர் ஊசி உள்ளே போக இடமில்லாமல் எப்படி ஓட்டை ஓட்டையாகத் தேன்கூடு விழுகிறது என்று பார்த்தவர் பிறகு கம்பி விவரம் வரையும்போது வேறு மாதிரி வரைவார். எதிர்வழியில் போய் நன்றாக வந்தவர்களும் உண்டு, ஆகவே இதைச் சட்டமாக எடுத்துக்கொள்ள வேண்டாம். ஒரு விலக்கும் உண்டு. பாதுகாப்பு இல்லாத இடம், பொய்க் கணக்கு எழுத வற்புறுத்தும் இடம், பெண் மாணவிகளுக்கு ஒழுங்கான கழிப்பறை வசதிகூட இல்லாத இடம் என்றால் வாரக்கணக்கு பார்க்காமல் மாறிவிடுங்கள்.

பயிற்சி முடிந்ததும் அங்கேயே வேலை கிடைக்குமா என்று கடைசி வரியில் கேட்டிருந்தீர்கள். அப்படிக் கிடைத்தவர்கள் இருக்கிறார்கள், ஆனால் அது அந்த நிறுவனத்திடம் அடுத்த வேலை இருக்கிறதா என்பதைப் பொறுத்தது. அதை மனதில் வைத்துக்கொண்டு பயிற்சி செய்யாதீர்கள்.

அறிக்கைக்கு வருவோம். ‘இன்று ஸ்லாப் கான்கிரீட் போடப்பட்டது’ என்று அறுபது நாளுக்கு அறுபது வரி எழுதி, கடைசி நாள் மொத்தமாகக் கையெழுத்து வாங்கிய நாட்குறிப்புகளை நிறையப் பார்த்திருக்கிறேன். அதைப் படிக்கும் பேராசிரியருக்கும் அலுப்பு, எழுதியவருக்கும் ஒன்றும் மிஞ்சாது. தூணின் எண், அளவு, எத்தனை கம்பி, எந்த டிராயிங் பதிப்பு, கான்கிரீட் தொடங்கிய நேரம், முடிந்த நேரம், ஸ்லம்ப், எத்தனை கியூப், நடுவில் வேலை நின்றது என்றால் ஏன் நின்றது என்று அன்றன்று மாலையே எழுதுங்கள். திட்டமிட்டதற்கும் நடந்ததற்கும் எங்கே வித்தியாசம் வந்தது என்று தினமும் ஒரு வரியாவது இருக்கட்டும். இறுதி அறிக்கையில் கட்டடத்தின் மொத்த வரலாற்றையும் எழுத முயலாதீர்கள், கம்பெனி விளக்கத் தாளிலிருந்து நான்கு பக்கம் நகலெடுத்துப் போடவும் வேண்டாம். ஒரே ஒரு ஸ்லாபை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் கணக்கு, அதில் காணாமல் போன கான்கிரீட், லெவல் எடுத்ததில் தெரிந்தது, அதன் ஏழு நாள், இருபத்தெட்டு நாள் முடிவுகள் என்று முழுதாக எழுதுங்கள். உங்களுக்கு மூன்று வாரம் போய்விட்டதால், இந்த வாரமோ அடுத்த வாரமோ போடப்போகும் ஸ்லாபைத் தேர்ந்தெடுத்தால்தான் 28 நாள் முடிவு உங்கள் கைக்கு வர நேரம் இருக்கும். அடுத்த கான்கிரீட் என்றைக்கு என்று நாளைக் காலையில் போனதும் கேட்டுவிடுங்கள்.